பாம்பன் அப்பத்தாவுக்கு நினைவு மலர்: ஒப்பாரியைச் சேர்க்கலாமா?

வாடைக்காற்று (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் அப்பத்தா தவறிப் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. வயது 88. ஊர் பாம்பன். முப்பதாம் நாளுக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடலாம் என்று வீட்டில் முடிவு. பேரப்பிள்ளைகளில் தமிழ் டீச்சர் நான் ஒருத்திதான் என்பதால் எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

பெரியப்பா ஏற்கெனவே ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறார். 'குலவிளக்கு', 'தியாகச் சுடர்', 'சேவைச் செம்மல்' எல்லாம் இருக்கிறது, அப்பத்தாவைத்தான் காணவில்லை. பெயரை மாற்றினால் யார் வீட்டு மலரிலும் போட்டுக்கொள்ளலாம்.

அவரைப் பற்றிச் சுருக்கமாக: 1937-ல் பிறந்தவர். தாத்தா ரயில் பாதையில் தினக்கூலி. 1979-ல் தாத்தா இறந்தபோது கையில் நான்கு பிள்ளைகள். ஓலைப்பெட்டி முடைந்தும், சின்னப்பாலத்துப் பெண்களோடு கடலுக்குப் போய்ப் பாசி எடுத்தும் நாலு பேரையும் ஆளாக்கினார். ஊரில் எந்த வீட்டில் சாவு என்றாலும் குளிப்பாட்ட, ஒப்பாரி வைக்க முதல் ஆளாகப் போவார். காசு வாங்கியதில்லை. இலங்கையிலிருந்து சனங்கள் அகதிகளாக வந்த காலத்தில் மண்டபம் கேம்ப்புக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தார். 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது ஐம்பது வயதைத் தாண்டி எழுத்துப் படித்தார். அப்புறம் அவரே மற்றப் பெண்களுக்கு ராத்திரி வகுப்பு எடுத்தார்.

அந்த எழுத்தை வைத்து ஒரு லாங் சைஸ் நோட்டில் 61 பாட்டு எழுதியிருக்கிறார். கும்மி, தாலாட்டு, ஒப்பாரி. பாதிக்கு மேல் ஒப்பாரி. இரண்டு வருடம் முன்பு அதில் 19 பாட்டை அவரைப் பாடச் சொல்லி என் போனில் பதிந்து வைத்தேன். வீட்டுக்குள் ஒப்பாரி பாட மாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கடற்கரையில், வலை போட்டு வைக்கிற கொட்டகையில் உட்கார வைத்துப் பதிந்தது.

இப்போது மூன்று கேள்வி. ஒப்பாரியை மலரில் போடலாமா? நோட்டில் உள்ள எழுத்துப் பிழைகளைத் திருத்தலாமா? அட்டையில் 'பாடல்கள் இயற்றியவர்' என்று போடலாமா? பெரியப்பா மூன்றுக்கும் பதில் வைத்திருக்கிறார்: கூடாது, திருத்து, போடு. எனக்கு மூன்றிலும் சந்தேகம். அச்சகத்தில் அடுத்த வெள்ளிக்குள் கேட்கிறார்கள்.

கச்சான்

ஆழ்ந்த அனுதாபங்கள்.

முதலில் அடைமொழிகளைத் தூக்கிப் போடுங்கள். மலரைக் கையில் வாங்குகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், பந்தியில் உட்காருவார்கள், வீட்டுக்குப் போய்ப் பரணில் போடுவார்கள். நடுவில் ஒரு பத்தியாவது நிறுத்திப் படிக்க வைக்க வேண்டும் என்றால் அவர் என்ன வேலையை எப்படிச் செய்தார் என்று எழுதுங்கள். 'பாசி எடுத்து ஆளாக்கினார்' என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எந்தப் பாசி? என்ன உடுத்திக்கொண்டு போவார்?

பதிவு பற்றி. போனில் இருக்கிற மூலக் கோப்பை அப்படியே மூன்று இடத்தில் எடுத்து வையுங்கள். வாட்ஸப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிய பிரதியை நம்ப வேண்டாம், அது கோப்பைச் சுருக்கியிருக்கலாம். காற்றுச் சத்தத்தை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், எடுத்ததைத் தனிக் கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பாரியில் மூச்சை இழுப்பதும் விம்முவதும் பாட்டில் சேர்த்தி. இரைச்சலோடு அதையும் வழித்து எடுத்துவிடுவார்கள். ஒவ்வொரு கோப்புக்கும் தேதி, இடம், கூட யார் இருந்தார்கள் என்று இப்போதே எழுதிவிடுங்கள். அடுத்த வருடம் ஞாபகம் இருக்காது.

வாடைக்காற்று

பாசி பற்றி எனக்குத் தெரிந்தவரை: சேலையை மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, அதற்கு மேல் தாத்தாவின் முழுக்கைச் சட்டை. பாறையில் கை கிழியாமல் இருக்க ஒவ்வொரு விரலுக்கும் பழைய துணியைக் கிழித்துச் சுற்றிக்கொள்வார். காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை. மூச்சைப் பிடித்து முங்கி, பாறையிலிருந்து பிய்த்து, மேலே வந்து பையில் போட்டு, திரும்ப முங்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி ஒரு விலை, கட்டக்கோரை ஒரு விலை. சாகும்வரை அப்பத்தாவின் விரல் நுனிகளில் வெள்ளைத் தழும்புகள் இருந்தன.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்கப்புறம் தீவுப்பக்கம் போவது வரவரச் சிரமமாகிவிட, பெட்டி முடைவதையே முழுநேரமாக வைத்துக்கொண்டார்.

உள்நாட்டான்

பெரியப்பாவை எல்லாரும் சேர்ந்து கிண்டல் செய்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

எங்கள் கமுதிப் பக்கம் சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வரியை வாய்தவறிக்கூடச் சொல்ல மாட்டார்கள். சின்னப் பிள்ளை விளையாட்டாக இழுத்தால்கூட வாயிலேயே ஒன்று போடுவார்கள். உங்கள் அப்பத்தாவும் வீட்டுக்குள் பாட மாட்டேன் என்றுதான் சொல்லியிருக்கிறார். அவர் கடைசிவரை மதித்த வழக்கத்தை நீங்கள் அச்சடித்து நூறு வீட்டுக்குக் கொடுத்து அனுப்பப் போகிறீர்களா? வாங்கிப் போகிற வீட்டில் வளைகாப்பு வைத்திருப்பார்கள், புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் இருப்பார்கள். மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் நமக்கு வசதிதான். கை நீட்டி வாங்குகிறவர்களுக்கு?

ஏட்டுச்சுரைக்காய்

நாட்டார் வழக்காறு படித்தவன் என்ற முறையில் (பெயரே சொல்லும், கறிக்கு உதவாது) உள்நாட்டான் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஒப்பாரி சேகரிக்கப் போகிறவர்கள் எல்லாரும் இதில் முட்டிக்கொள்வார்கள். பாடுகிறவரைத் தோப்புக்கோ கண்மாய்க்கரைக்கோ கூட்டிப்போய்த்தான் பதிவார்கள். வலைக் கொட்டகைக்குப் போனது சரியான காரியம்.

அதற்காக ஒப்பாரியை விட்டுவிட்டால் அவர் கலையில் பாதி போய்விடும். ஒரு யோசனை: இரண்டாகப் போடுங்கள். அச்சகத்தில் பாரம் கணக்கில்தான் போடுவார்கள், ஒரு பாரம் 16 பக்கம். தாலாட்டும் கும்மியும் வாழ்க்கைக் குறிப்பும் ஒரு பாரம், அது மலர். ஒப்பாரி தனி அட்டையோடு இன்னொரு பாரம், கேட்கிறவர்களுக்கு மட்டும்.

எழுத்தைத் திருத்தாதீர்கள். 'ஒம்பது' என்று பாடினால் 'ஒம்பது' என்றே இருக்கட்டும். புரியாத இடத்தில் கீழே குறிப்புப் போடலாம். 'இயற்றியவர்' மட்டும் வேண்டவே வேண்டாம். நா. வானமாமலை தொகுத்த பாடல்களைப் பாருங்கள், எந்த வட்டாரம், யார் சேகரித்தது என்று கீழே இருக்கும். இந்தப் பாட்டுகளுக்கு அதுதான் முறை. ஒரு பாட்டு பத்து வாய் மாறி வந்திருக்கும், ஒவ்வொரு வாயும் ஒரு வரியைப் போட்டிருக்கும். 'பாடியவர்' போதும்.

மலர் முடிந்தபின் நோட்டின் படப்பிரதியும் ஒலிக்கோப்பும் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் மையத்துக்குக் கொடுக்க முடியுமா என்று விசாரியுங்கள்.

கீழக்கரை_லாத்தா

இது எங்கள் பெட்டிக்காரம்மாதான்! பாம்பன், ஓலைப்பெட்டி, விரல் தழும்பு என்றதும் தெரிந்துவிட்டது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

கல்யாணச் சீருக்கும் தொதல் (எங்கள் ஊர் இனிப்பு) போட்டுக் கொடுக்கவும் எங்கள் உம்மா அவரிடம்தான் பெட்டிக்குச் சொல்லி வைப்பார். ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, சேலைத் துணியில் மூட்டை கட்டி, பஸ்ஸில் கொண்டுவருவார். அளவு சரியில்லை என்று யாராவது சொன்னால் எங்கள் முற்றத்திலேயே உட்கார்ந்து புதுசாக முடைந்து கொடுத்துவிட்டுத்தான் போவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

குருத்தோலையை வெயிலில் காயவைத்து, ஒரு ராத்திரி பனியில் போட்டுப் பதமாக்கிக் கொண்டுவருவார். ஈர்க்கை உரித்துவிட்டு ஓலையை முழங்காலில் வைத்து வார்வார். அளவுகோல் கிடையாது, சுண்டுவிரல் நகம்தான் அளவு. அடி முடையும்போது ஊர்க்கதை எல்லாம் வரும். யார் மகளுக்கு எங்கே பேசியிருக்கிறார்கள், யார் வீட்டு வத்தை கவிழ்ந்தது, எல்லாம். மூலை திருப்புகிற இடம் வந்ததும் பேச்சு நின்றுவிடும். அப்போது யார் என்ன கேட்டாலும் காதில் விழாது. நாலு மூலையும் எழுந்து நின்றபிறகு, விட்ட இடத்திலிருந்து கதை ஆரம்பிக்கும். ஒரு பெட்டி கோணிப்போனால் விலை குறைத்துக் கொடுங்கள் என்று உம்மா கேட்பார். தரமாட்டார். பிரித்துவிடுவார்.

உம்மா மவுத்தான அன்றைக்குத் தகவல் கேட்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் ஒப்பாரி வைக்கிற வழக்கம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். மையித்தை எடுக்கிறவரை பெண்களோடு உட்கார்ந்திருந்தார், வாயே திறக்கவில்லை. அவ்வளவு பாடத் தெரிந்தவர் என்பதே எனக்கு இந்த இழையைப் பார்த்துத்தான் தெரிகிறது.

வாடைக்காற்று

லாத்தா, இதை அப்படியே மலரில் போட்டுக்கொள்ளலாமா? உங்கள் பெயர் வேண்டாம் என்றால் 'கீழக்கரையிலிருந்து ஒருவர்' என்று போடுகிறேன்.

'இயற்றியவர்' விஷயத்தில் ஏட்டுச்சுரைக்காய் சொல்வது புரிகிறது. ஆனால் சில பாட்டு அப்பத்தாவுடையதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மலரில் வரப்போகிற தாலாட்டில் ஒன்று, நோட்டில் உள்ளபடியே:

பேசாளைக் கரையிலே
பெருந்தோணி வந்திறங்க
ஏலம் கிராம்போட – ஒன்
மாமன் வந்தார் கண்ணுறங்கு

ஒப்பாரியில் ஒன்று. தாத்தாவுக்குப் பாடியது என்று அப்பத்தாவே சொன்னார். (உள்நாட்டான் மன்னிக்க, திரையில்தானே.)

கடலுல விழுந்த கம்பி
கரைசேத்த மகராசா
கரையில விழுந்த என்னக்
கைதூக்க வரலையே

உள்நாட்டான்

திரையில் பரவாயில்லை. போனை வீட்டு வாசலுக்கு வெளியே வைத்துத்தான் படித்தேன்.

தண்டவாளம்

அந்தக் 'கம்பி' என்ன என்று யாரும் கேட்கவில்லையே!

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல். தனுஷ்கோடி போனது, அங்கே போய்க்கொண்டிருந்த பயணிகள் ரயிலும் போனது. எல்லாரும் அதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். பாம்பன் பாலமும் அன்றைக்குத்தான் போனது. 145 கண்ணில் 126 கண்ணின் கர்டர்கள் (இரும்பு உத்திரங்கள்) கடலுக்குள் விழுந்துவிட்டன, நடுவில் இருந்த தூக்குப்பாலம் மட்டும் தப்பியது. சரிசெய்ய ஆறு மாதம் என்று ரயில்வே கணக்குப் போட்டது. பொறுப்பில் இருந்தவர் அப்போது 32 வயது இளைஞர், பிற்பாடு டெல்லி மெட்ரோவால் நாடே அறிந்த ஈ. ஸ்ரீதரன். கடலில் கிடந்த கர்டர்களைத் தேடித் தூக்கி, திரும்பப் பொருத்தி, 46 நாளில் ரயிலை ஓடவிட்டார். பேர் அவருக்கு, சரி, நியாயமானதுதான். ஆனால் 46 நாளும் ராப்பகலாகக் கயிறு பிடித்தது யார்? தினக்கூலிகள். உங்கள் தாத்தா அப்போது வேலையில் இருந்தாரா?

இருந்தார் என்றால் ஏட்டுச்சுரைக்காய் அவர்களே, இந்த ஒப்பாரி பத்து வாய் மாறி வந்ததாக இருக்க முடியாது. 1965-க்கு முன்னால் இந்த வரி பிறந்திருக்க வழியில்லை. இறந்தவர் கடலிலிருந்து கம்பி தூக்கியவராக இருக்க வேண்டும், பாடியவர் அவர் பெண்டாட்டியாக இருக்க வேண்டும். அட்டையில் தைரியமாகப் போடுங்கள்.

இன்னொன்று, புதுப்பாலத்தின் செங்குத்துத் தூக்குப்பாலம் பற்றி

மட்டுறுத்துநர்

தண்டவாளம், பாம்பன் புதுப்பாலத்துக்குத் தனி இழை ஓடுகிறது. பின்பாதியை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே அப்பத்தாவைப் பற்றி மட்டும் பேசுவோம்.

வாடைக்காற்று

தாத்தா பாலவேலையில் இருந்தார் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்றைக்குப் பெரியப்பாவிடமும் கேட்டேன். "ஆமா, தோள்பட்டையில கயிறு அறுத்த தடம் இருக்கும்" என்றார். அவர் எழுதின பக்கத்தில் அது இல்லை!

ஏட்டுச்சுரைக்காய்

தண்டவாளம் சொல்வது பலமான ஆதாரம், அந்த ஒரு பாட்டுக்கு. மீதி 60-க்கு அது செல்லாது. ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

மன்னார்க்காரன்

இந்த இழையை என்ர மச்சான் அனுப்பினவர். வாசித்துக்கொண்டு வந்து தாலாட்டில் நின்றுவிட்டேன்.

நோட்டில் 'பேசாளை' என்று இருப்பது பேசாலை. மன்னார்த் தீவில் எங்கட ஊர். அந்தத் தாலாட்டு எங்கட அம்மம்மா பாடுவது. நான் அதைக் கேட்டு வளர்ந்தனான், என்ர பிள்ளைகளுக்கும் பாடினனான். 'ஏலம் கிராம்போட' என்ற வரிக்குப் பிறகு 'ஏழு கடல் தாண்டி' என்று ஒரு வரி வரும். நோட்டில் இருக்கிறதா பாருங்கோ.

1990-ல் சண்டை தொடங்கினபோது படகில் வந்தனாங்கள். எனக்குப் பதினொரு வயது. ஓட்டி எங்களை மணல்திட்டியில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டான். அங்கேயிருந்து இன்னொரு வள்ளம் வந்து ஏற்றி ராமேஸ்வரம், பிறகு மண்டபம் கேம்ப். நாங்கள் அவவை ஓலையம்மா என்றுதான் சொல்லுவம். பாம்பனிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குவா. தலையில் ஒரு பெட்டி. அதுக்குள்ள பழைய சேலை, பிள்ளைகளுக்குக் கருப்பட்டி, சிலநேரம் அவிச்ச பனங்கிழங்கு. கேம்பில் அரிசி தந்தவை. உடுக்கத் துணி இல்லாமல் பெண்டுகள் பட்ட பாடு எனக்கு வளர்ந்த பிறகுதான் விளங்கினது. அவ அதைப் பார்த்த உடனேயே விளங்கிக்கொண்டவ போல.

அம்மம்மா அங்கேயேதான் செத்துப்போனா. ஆட்கள் எல்லாம் சிதறிப் போயிருந்தவை, குளிப்பாட்டக்கூட ஆளில்லை. ஓலையம்மா வந்தா. குளிப்பாட்டிக் கிடத்தின பிறகு என்ர அம்மாவைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டா: உங்கட ஊர் என்ன, கோயிலின்ர பேர் என்ன, உங்கட ஐயாவின்ர தோணிக்கு என்ன பேர், வீட்டு முற்றத்தில் என்ன மரம். கேட்டுவிட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தா. பிறகு எங்கட அம்மம்மாவின்ர தலைமாட்டில் இருந்து, அந்தப் பேரெல்லாம் வைத்துப் பாடினா. வரிகள் எனக்கு நினைவில்லை. அதுவரை அழாமல் இருந்த என்ர அம்மா அப்பதான் அழுதவ.

மலரில் அந்தத் தாலாட்டுக்குக் கீழே 'பேசாலையிலிருந்து வந்த ஒரு அம்மம்மாவிடம் கேட்டது' என்று ஒரு வரி போடுங்கோ. பேர் தேவையில்லை.

வாடைக்காற்று

நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'ஏழு கடல் தாண்டி' இருக்கிறது. அடுத்த பக்கத்தின் தலைப்பில் தனியாக எழுதியிருக்கிறார், அதனால்தான் நான் அதை வேறு பாட்டு என்று எடுத்து வைத்திருந்தேன். வரி சேர்ந்துவிட்டது. நீங்கள் கேட்ட குறிப்பு கட்டாயம் வரும் அண்ணா.

மூத்தவள்

நான் வாடைக்காற்றின் பெரிய அத்தை. நாலு பிள்ளைகளில் மூத்தவள். தம்பி மகள்தான் இந்த இழையைக் காட்டி, பெயர் போட்டு எழுதச் சொல்லிக் கொடுத்தாள்.

எல்லாரும் அம்மாவைப் பற்றி நல்லதாகச் சொல்லியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மை. நான் வேறொன்று சொல்கிறேன்.

ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். 'ஆத்தா, அப்பா போயிட்டாக.' அம்மா சேலையை உதறிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். போனால் எடுத்த பிறகுதான் வரும். காலையில் மூன்று தம்பிகளுக்கும் கஞ்சி காய்ச்சி, தலை சீவி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது யார்? நான். அப்பா இறந்த வருஷம் எனக்குப் பதிமூன்று வயது. எட்டாவதோடு நின்றேன். நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. போகச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

அம்மா வீட்டில் பாடாது. ஒப்பாரியை விடுங்கள், தாலாட்டுகூட. என் பிள்ளைகளுக்கு அம்மா தாலாட்டுப் பாடி நான் கேட்டதில்லை. ஊரெல்லாம் பாடிவிட்டு வரும்போது தொண்டை கட்டியிருக்கும், வெந்நீர் கேட்கும். வெந்நீர் போடுவதும் நான்தான். அந்த மன்னார்த் தம்பி எழுதியதைப் படித்தபோது, கேம்பில் போய் ஒரு அம்மாவிடம் தாலாட்டுக் கற்றுக்கொண்டு வந்ததே, வீட்டில் ஒரு நாள் பாடவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் மற்றது.

பெரிய தம்பி 'தியாகச் சுடர்' என்று எழுதியிருக்கிறானாம். அவன் காலேஜ் படித்தது பெட்டிக் காசில். அந்தப் பெட்டியில் பாதி நான் முடைந்தது. கீழக்கரை லாத்தா சொன்ன மாதிரி அம்மாவுக்குக் கோணல் பெட்டி ஆகாது. நான் முடைந்து கோணியதைப் பிரித்துத் திரும்ப முடைய வைத்த கை அது. இன்றைக்கும் என் பெட்டி கோணாது.

அம்மாவிடமே ஒரு தடவை கேட்டேன், ஊருக்கெல்லாம் போனியே, என்னைப் பற்றி நினைச்சியா என்று. 'ஒன்னை நம்பித்தானடி போனேன்' என்றது. அதற்குமேல் அதுவும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மலரில் என்ன வேண்டுமானாலும் போடுங்கள். மூத்த மகள் எட்டாவதோடு நின்று வீட்டைப் பார்த்தாள் என்று ஒரு வரி வர வேண்டும். அது வராவிட்டால் எனக்கு மலர் வேண்டாம்.

பட்டணத்தான்

போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி இப்படிப் பொதுவெளியில் எழுதுவது நாகரிகமாகத் தெரியவில்லை. குடும்ப விஷயத்தைக் குடும்பத்துக்குள் வைத்துக்கொள்ளலாமே.

கீழக்கரை_லாத்தா

குடும்பத்துக்குள்தான் நாற்பத்தைந்து வருஷம் வைத்திருந்திருக்கிறார். போதும்.

கச்சான்

பட்டணத்தான், அந்த அம்மா மண்டபம் கேம்ப்புக்குப் பஸ் ஏறினது, ராத்திரி வகுப்பு எடுத்தது, சாவு வீட்டில் விடியவிடிய உட்கார்ந்தது எல்லாவற்றுக்கும் வீட்டில் ஒரு ஆள் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஆளை விட்டுவிட்டு சேவையை மட்டும் எழுதினால் பாதிக் கணக்குத்தான்.

மூத்தவள் அம்மா, நீங்கள் எழுதியதையும் மலரில் போட வேண்டும் என்பது என் வாக்கு. நீங்கள் சம்மதித்தால்.

உள்நாட்டான்

என் வாக்கும் அதற்கே. ஒப்பாரியைத் தனிப் புத்தகமாகப் போடுவதிலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஒன்று மட்டும், கையில் கொடுக்காதீர்கள். பந்தலுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் வையுங்கள், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். எங்கள் அய்யாமார்கள் காலத்து ஆட்கள் எடுக்க மாட்டார்கள். அவர்கள் மகள்கள் எடுப்பார்கள் பாருங்கள்.

வாடைக்காற்று

நேற்று ராத்திரி பெரியப்பா, அப்பா, சித்தப்பா, பெரிய அத்தை எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். சத்தம் கொஞ்சம் அதிகம்தான். முடிவு இது:

மலர் 16 பக்கம். பெரியப்பா எழுதிய பக்கம் இருக்கும், அடைமொழி எல்லாம் எடுத்தாயிற்று. அவரே அடித்தார். அந்த இடத்தில் தாத்தாவின் தோள்பட்டைத் தழும்பையும் 46 நாள் பாலவேலையையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் இதுவரை படித்ததில் அவர் எழுத்தில் நல்லது அதுதான். அடுத்து பாசி, பெட்டி, கேம்ப். லாத்தாவும் மன்னார்க்கார அண்ணனும் எழுதியது அப்படியே. பெரிய அத்தை எழுதியது ஒரு பக்கம் முழுசாக, ஒரு சொல் குறைக்காமல். சித்தப்பா அதற்குக் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. பாட்டு: தாலாட்டு ஐந்து, கும்மி ஆறு. எழுத்து நோட்டில் உள்ளபடி. பேசாலைக்கு மட்டும் கீழே குறிப்பு.

ஒப்பாரி தனி. 16 பக்கம், 40 பிரதி, வெளியே ஸ்டூலில். அட்டையில் 'பாடியவர்' என்றுதான் இருக்கும். கம்பிப் பாட்டுக்குக் கீழே மட்டும் 'தன் கணவருக்காக இவரே கட்டியது, 1979' என்று வரும். ஏட்டுச்சுரைக்காயும் தண்டவாளமும் சேர்ந்து சம்மதித்ததால் இது நிற்கும் என்று நம்புகிறேன்.

அச்சுப்படி கீழே இணைத்திருக்கிறேன். பிழை கண்ணில் பட்டால் நாளைக்குள் சொல்லுங்கள்.

தண்டவாளம்

பக்கம் 4-ல் 1964 என்பது 1946 என்று அடித்திருக்கிறார்கள். உடனே மாற்றுங்கள்.

மன்னார்க்காரன்

பக்கம் 9 சரி. கோயில், தோணி, முற்றத்து மரம் எல்லாம் சரியாக வந்திருக்கு. எனக்கு இரண்டு பிரதி வேணும், ஒன்று அம்மாவுக்கு. தபால் செலவு நான் அனுப்புறன்.

மூத்தவள்

பக்கம் 11-ல் என் பக்கத்துக்கு மேலே 'அன்பு மகளின் கண்ணீர் அஞ்சலி' என்று அச்சகத்துப் பையன் அவனாகவே போட்டிருக்கிறான். அதை எடுக்கச் சொல். தலைப்பு வேண்டாம்.

ஸ்டூலில் 40 போதாது. அறிவொளியில் அம்மாவிடம் படித்தவர்களே இருபது பேருக்கு மேல் வருவார்கள். 75 போடச் சொல், மிச்சக் காசு நான் தருகிறேன்.